சொந்த ஆட்டுக் கம்பளியில் ஸ்வெட்டர்: கழுவுவது, நூற்பது, சாயம் ஏற்றுவது

மேய்ச்சல்மேடு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க சின்ன நிலத்துல புல்லைக் கட்டுக்குள்ள வைக்கத்தான் நாலு கம்பளி ஆடு வாங்கினோம். ரெண்டு வெள்ளை, ஒண்ணு சாம்பல், ஒண்ணு கரும்பழுப்பு. இந்தத் தடவை கத்தரிச்ச கம்பளியைத் தூக்கிப் போட மனசு வரல. வெளிப்பக்கம் அழுக்கா இருந்தாலும் பிரிச்சுப் பார்த்தா உள்ள அவ்வளவு மென்மை, நெளிநெளியா, விரல்ல மெழுகு ஒட்டுது. இதைக் கழுவி, நானே நூத்து, சிவப்புச் சாயம் ஏத்தி, ஒரு ஸ்வெட்டர் பின்னணும்னு ஆசை. நிட்டிங் தெரியும். நூற்பும் சாயமும் புதுசு. நாலு ஆட்டுக் கம்பளியையும் ஒண்ணாக் கலந்து ஆரம்பிக்கலாமா? முதல்ல நூற்கணுமா, சாயம் ஏத்தணுமா?

ராட்டைக்காரி:

கலக்காதீங்க. மத்ததை அப்புறம் பேசலாம். முதல்ல நாலையும் நாலு துணிப்பையில போட்டு எது எந்த ஆட்டோடதுன்னு எழுதிக் கட்டுங்க.

ஒரே ஆட்டுலயே தோள்பட்டைக் கம்பளி மெல்லிசு, விலா நடுத்தரம், தொடை முரடு, வயிறு குட்டையும் சிக்கும். நாலு ஆட்டைக் கலந்தா எல்லாத்துலயும் இருக்கிற முரடு எல்லா நூலுக்குள்ளயும் போயிடும். அப்புறம் பிரிக்க வழியே இல்ல. "ஸ்வெட்டர் பின்னணும், அதுக்குக் கம்பளி வேணும்"னு இந்தப் பக்கத்துல இருந்து யோசிக்காதீங்க. உங்ககிட்ட இருக்கிற கம்பளி எதுக்கு லாயக்குன்னு பார்த்துட்டு, அதை அதுக்குக் கொடுங்க. என்னோட அழுத்தமான கருத்து இது.

வெயில்ல ஒரு பழைய வலையை விரிச்சு, கத்தரிச்ச பக்கம் கீழ இருக்கிற மாதிரி முழுக் கம்பளியையும் பரப்புங்க. ஓரத்தைச் சுத்திச் சாணி ஒட்டினது, வயிறு, கால், கழுத்துல வைக்கோல் சொருகினது எல்லாத்தையும் தயங்காம பிச்சு ஒதுக்குங்க. அப்புறம் வலையோட தூக்கி உதறுங்க. கத்தரி ஒரே இடத்துல ரெண்டாவது தடவை ஓடினதால விழுந்த குட்டைத் துணுக்கெல்லாம் கொட்டும். அது உள்ள இருந்தா நூல்ல முடிச்சு முடிச்சா வரும்.

இதை முடிச்சதும் தோள், விலா, தொடை மூணு இடத்துலயும் பென்சில் தடிமனுக்கு ஒரு கொத்து எடுத்து, ரெண்டு முனையையும் பிடிச்சு, காதுகிட்ட வெச்சு வெடுக்குனு இழுத்துப் பாருங்க. நல்ல கம்பளி 'டங்'னு ஒரு சத்தம் கொடுக்கும். படபடன்னு நெரிஞ்சாலோ நடுவுல அறுந்தாலோ அந்தக் கம்பளியை நூற்க எடுக்காதீங்க. கார்டிங் பண்ணும்போதே, அதாவது கம்பிப் பல்லு வெச்ச ரெண்டு பலகைக்கு (கார்டர்) நடுவுல வாரிப் பிரிக்கும்போதே, துண்டு துண்டாப் போயிடும்.

கிடைக்காவல்:

அக்கா சொன்னதோட ஆட்டுப் பக்கத்துல இருந்தும் கொஞ்சம். கொத்து எப்பவும் ஒரே உயரத்துல அறுந்தா, மயிர் அந்த இடத்துல வளர்ந்த சமயத்துல ஆட்டுக்கு என்னமோ ஆகியிருக்குன்னு அர்த்தம். காய்ச்சல், தீவனக் குறைவு, குட்டி போட்டது, எதுவா வேணா இருக்கலாம். மயிர் அந்த நாள்ல மெலிஞ்சு போய், மறுபடி தடிச்சு வளர்ந்திருக்கும். கம்பளியைப் பார்த்தே அந்த வருஷம் ஆடு எப்படி இருந்துச்சுன்னு சொல்லிடலாம்.

அடுத்த தடவைக்கு ரெண்டு விஷயம். கத்தரிக்கிற நாள்ல ஆடு முழுசா காஞ்சிருக்கணும். ஈரக் கம்பளியைச் சுருட்டி வெச்சா உள்ளுக்குள்ள சூடாகி மஞ்சள் பிடிச்சிடும். வெள்ளை ஆட்டை முதல்ல கத்தரிங்க, பழுப்பைக் கடைசியா. ஒரு கருமயிர் வெள்ளைக்குள்ள போனா சாயம் ஏத்தின பிறகும் கண்ணை உறுத்தும். தீவனத்தொட்டி ஆட்டுத் தலைக்கு மேல தொங்கினா வைக்கோல் தூசி பூரா கழுத்துல இறங்கும், அதையும் தாழ்த்தி வைங்க.

மேய்ச்சல்மேடு:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. இழுத்துப் பார்த்தேன். வெள்ளை ரெண்டும் நல்லா சத்தம் கொடுக்குது. பழுப்பும் உறுதி, ஆனா நுனி மட்டும் துருப்பிடிச்ச நிறத்துக்கு வெளுத்திருக்கு. சாம்பல் ஆடு நடுவுல அறுந்துபோகுது. அது இரட்டைக் குட்டி போட்ட ஆடு, நீங்க சொன்னது அப்படியே பொருந்துது. கொத்தோட நீளம் வெள்ளையில சுமார் 9 சென்டிமீட்டர்.

ஊசிநுனி:

9 சென்டிமீட்டர்னா கை கார்டருக்கு நல்ல நீளம். இன்னும் நீளமா இருந்தாத்தான் சீப்பு வேணும். வெள்ளையை ஸ்வெட்டருக்கு வைங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கொத்தைக் கழுவிக் காயவெச்சு, கழுத்துல சட்டைக்குள்ள சொருகிக்கிட்டு அரை நாள் வேலையைப் பாருங்க. குத்துதா இல்லையான்னு உங்க தோலே சொல்லிடும். கம்பளி அரிக்கிறதுக்குப் பெரும்பாலும் ஒவ்வாமை காரணம் இல்ல. 30 மைக்ரானுக்கு (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) மேல தடிமனான இழைகள் நூத்துக்கு 5க்கு மேல இருந்தா அதோட முனைகள் வளையாம தோலைக் குத்தும், அவ்வளவுதான். மெரினோ 24 மைக்ரானுக்குக் கீழ இருக்கிறதால உள்ளாடைக்கே ஆகுது. ரோம்னி மாதிரி இனங்கள் 30க்கு மேல போகும். அது கோட்டு, விரிப்பு, கைப்பைக்கு அருமை, கழுத்துக்கு ஆகாது.

எடைக்கணக்கையும் பார்த்துக்கோங்க. பெரியவங்க ஸ்வெட்டர் ஒண்ணுக்குக் கைநூல் 600, 700 கிராம் வேணும். அழுக்கும் மெழுகும் போறதுல இனத்தைப் பொறுத்து மூணுல ஒரு பங்கு, மெரினோன்னா பாதிகூடக் குறையலாம். கார்டிங்ல இன்னும் கொஞ்சம் போகும். ஓரம் ஒதுக்கின பிறகு ஒன்றரை கிலோ கையில இருந்தா நிம்மதி.

மேய்ச்சல்மேடு:

கழுத்துல வெச்சுப் பார்த்தேன் அக்கா, அரிக்கல! எடையும் போதும். இப்ப எப்படிக் கழுவறது? இறுகிப் போயிடுமோன்னு பயமா இருக்கு.

ராட்டைக்காரி:

பயப்பட வேண்டியது வெந்நீருக்கு இல்ல. திடீர்னு சூடு மாறுறதுக்கும் கசக்குறதுக்கும்தான். கம்பளி இழை மேல நுண்ணிய செதில்கள் இருக்கு. ஈரத்துல சூடும் அசைவும் சேர்ந்தா ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு நகர்ந்து அட்டை மாதிரி இறுகிடும். அசைக்காம வெச்சா 60 டிகிரி தண்ணியிலயும் ஒண்ணும் ஆகாது.

அந்தச் சூடு வேணும். லனோலின்கிற மெழுகு 40 டிகிரி சுமாருக்குத்தான் உருகும். வெதுவெதுப்பான தண்ணியில சோப்பு போட்டா அழுக்கு போகும், மெழுகு போகாது. தண்ணி ஆறுற வரைக்கும் விட்டுட்டா உருகின மெழுகு திரும்ப இழை மேலயே ஒட்டி, பசையா நிக்கும். அப்புறம் எடுக்கிறது கஷ்டம்.

அரைக் கிலோ, அரைக் கிலோவா வலைப்பையில போடுங்க, அமுக்கித் திணிக்காதீங்க. தொட்டியில முதல்ல வெந்நீர், அப்புறம் பாத்திரம் கழுவுற திரவம், நுரை எழுப்பாம கலக்கி விடுங்க. தண்ணி வழுவழுன்னு இருக்கணும். பையை மேல வெச்சு, தானா முங்க விடுங்க. குழாயைக் கம்பளி மேல நேரா திறக்கவே கூடாது. 20 நிமிஷம் கழிச்சு, ஆறுறதுக்கு முன்னாடியே தூக்கி, வடியவிட்டு, அடுத்த சோப்புத் தண்ணிக்கு மாத்துங்க. அதே சூடு. பிறகு சோப்பு இல்லாத தண்ணி ரெண்டு தடவை, அதுவும் அதே சூடு. கடைசித் தண்ணியில கொஞ்சம் வினிகர் விடுங்க. கம்பளிக்குக் காரம் ஆகாது, லேசான அமிலம்தான் ஒத்துக்கும். துணி சோடா, சலவைத்தூள் பக்கமே போகாதீங்க. புரதத்தைக் கரைக்கிற என்சைம் சலவைத்தூள்ல இருக்கும், கம்பளியே புரதம்தான்.

மழைத்தொட்டி:

வெந்நீருக்கு இவ்வளவு விறகு செலவழிக்கணுமா? நான் கம்பளியை மழைத்தண்ணியில முக்கி மூடி ஒரு வாரம் வெளியில வெச்சிடுவேன். ஆட்டு வேர்வையில பொட்டாசியம் உப்பு இருக்கு, அது தண்ணியில கரைஞ்சு தானே சோப்பு வேலை பார்க்கும். எடுத்து அலசினா மண்ணும் சாணியும் அப்படியே இறங்கிடும். அதே தண்ணியில அடுத்த ஆட்டுக் கம்பளியைப் போட்டா இன்னும் நல்லா வேலை செய்யும்.

ராட்டைக்காரி:

செய்யும், மறுக்கல. அழுக்கு அதிகமான கம்பளிக்கு முதல் ஊறலா நானும் சிபாரிசு செய்வேன், செடிக்கு ஊத்த அந்தத் தண்ணியும் நல்லது. ஆனா நாத்தம் கடுமையா இருக்கும், மெழுகும் முழுசாப் போகாது. அப்படியே நூற்க சிலருக்குப் பிடிக்கும், மெழுகு இருந்தா இழை வழுக்கிக்கிட்டு வரும். இவங்க சாயம் ஏத்தப் போறாங்க. மெழுகு நின்ன இடத்துல சாயத்தைப் பிடிச்சு வைக்கிற படிகாரமும் ஏறாது, சாயமும் ஏறாது, திட்டுத்திட்டா வரும். சாயத்துக்குப் போற கம்பளிக்கு வெந்நீர்தான்.

மழைத்தொட்டி:

சாயத்துக்குன்னா ஒத்துக்கிறேன்.

சாயச்சட்டி:

என் பங்குக்கு. நூற்பதற்கு முன்பே, கழுவிய கம்பளியாகவே சாயம் ஏற்றுங்கள் என்பதுதான் என் பரிந்துரை. புதிதாகச் செய்பவருக்குச் சாயம் சீராக ஏறாது. கம்பளியாக இருக்கும்போது ஏற்றினால், கார்டிங்கில் இருண்டதும் வெளிறியதும் ஒன்றோடொன்று கலந்து ஆழமான ஒரே நிறமாகும். சிட்டமாகச் சுற்றிய நூலில் ஏற்றினால், முடிச்சுப் போட்ட இடங்களெல்லாம் வெள்ளையாக நிற்கும். சாயமேற்றிய சிவப்போடு இயற்கை வெள்ளையைக் கொஞ்சம் சேர்த்துக் கார்டிங் செய்தால் கிடைக்கும் நிறத்தை எந்தச் சட்டியிலும் எடுக்க முடியாது.

ராட்டைக்காரி:

இதுல மட்டும் அண்ணனோட ஒத்துப்போக மாட்டேன். உதிரிக் கம்பளி சட்டியில நகர நகர நுனிகள் மாட்டிக்கும், புதுசா செய்யறவங்க கிளறாம இருக்க மாட்டாங்க. நூலா இருந்தா நிதானமா புரட்டலாம். சிட்டத்தை நாலு இடத்துல தளர்வா, எட்டு வடிவத்துல கட்டினா வெள்ளைத் திட்டு விழாது. அதோட ஸ்வெட்டருக்கு எவ்வளவு நூல் வந்திருக்குன்னு எடைபோட்டுட்டு அந்த அளவுக்கே சாயம் போடலாம்.

சாயச்சட்டி:

எடைக்கணக்கு நல்ல வாதம்தான். கிளறாத கை இருந்தால் என் வழி, இல்லையென்றால் ராட்டைக்காரி அக்கா வழி. எப்படியானாலும் சட்டிக்குள் நடப்பது இதுதான்.

காய்ந்த கம்பளியை எடை போடுங்கள். எல்லா அளவும் அந்த எடையை வைத்துத்தான். படிகாரம் 12 சதவீதம், க்ரீம் ஆஃப் டார்ட்டார் (புளிப்பான ஒரு வெள்ளைத் தூள்) 6 சதவீதம். அரைக் கிலோவுக்குப் படிகாரம் 60 கிராம், டார்ட்டார் 30 கிராம். தனித்தனியே வெந்நீரில் கரைத்துச் சட்டியில் ஊற்றி, முன்கூட்டியே நனைத்து வைத்த கம்பளியை இறக்குங்கள். காய்ந்ததை இறக்கினால் திட்டு விழும். ஒரு மணி நேரத்தில் மெதுவாக 80, 85 டிகிரிக்குக் கொண்டுபோய், இன்னொரு மணி நேரம் அங்கேயே வைத்து, அடுப்பை அணைத்து இரவு முழுக்க அதே தண்ணீரில் ஆறவிடுங்கள். படிகாரத்தில் உள்ள அலுமினியம் இழைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், சாயம் வந்து அதைப் பிடித்துக்கொள்ளும்.

சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர். கம்பளி எடைக்குச் சமமாக வேர்த்தூள் எடுத்து முதல் நாளே ஊறவைக்கலாம். சட்டியை 60, 70 டிகிரியில் நிறுத்திவிட வேண்டும். வேரில் சிவப்பு தரும் அலிசரினோடு மஞ்சளும் பழுப்பும் தரும் பொருள்களும் இருக்கின்றன. கொதி நோக்கிப் போகப் போக அவை அதிகம் இறங்கிச் சிவப்பைச் செங்கல் நிறத்துக்கு இழுத்துவிடும். சுண்ணாம்புச் சத்துள்ள கடினத் தண்ணீரில் சிவப்பு நன்றாக எழும். மென்மையான தண்ணீராக இருந்தால் சாக்பீஸ் தூள் ஒரு சிட்டிகை. முதல் தடவை எடுத்த பிறகு தண்ணீரைக் கொட்டாதீர்கள், இரண்டாவது முறை செம்மஞ்சளும் அதற்கடுத்து இளஞ்செம்மையும் கிடைக்கும்.

ஐரோப்பாவில் ரூபியா டிங்க்டோரம் என்ற செடியை வயல் வயலாகப் பயிரிட்டு, சுமார் மூன்று ஆண்டு வளரவிட்டு வேரைத் தோண்டினார்கள். 1868ல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் இருவரும் அலிசரினைச் செயற்கையாகச் செய்து காட்டிய பிறகு சில வருடங்களில் அந்த வயல்கள் காணாமல் போயின. நீங்கள் சொந்த நிலத்தில் ஆடு வைத்திருக்கிறீர்கள், ஒரு பாத்தியில் இந்தச் செடியையும் வையுங்கள். அந்தச் சிவப்பு கையில் வரும்போது அதன் அருமை தெரியும்.

பீட்ரூட்கனவு:

வேருக்கு மூணு வருஷம் காத்திருக்கணுமா? பீட்ரூட்டும் மஞ்சளும் போட்டா உடனே நல்ல நிறம் வருதே?

சாயச்சட்டி:

வரும், போயும்விடும். பீட்ரூட் நிறம் கம்பளியில் நிற்காது, சில அலசல்களில் பழுப்பாகிவிடும். மஞ்சள்தூள், படிகாரம் இல்லாமலேயே பளிச்சென்று ஏறும், வெயில் பட்டால் வெளுக்கும். இவ்வளவு உழைத்து நூற்ற நூலுக்கு அது நியாயம் இல்லை. எந்தச் சாயமானாலும் சோதித்துப் பாருங்கள்: ஒரு அட்டையில் நூலைச் சுற்றி, பாதியைத் தடித்த காகிதத்தால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் சில வாரம் வையுங்கள். மூடியதற்கும் மூடாததற்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்தச் சாயம் ஸ்வெட்டருக்கு வேண்டாம். உடனடி நிறம் வேண்டுமென்றால் வெங்காயச் சருகு, துலுக்கச் சாமந்தி இரண்டும் படிகாரத்தோடு ஓரளவு நிற்கும். வால்நட் காயின் பச்சைத் தோலுக்குப் படிகாரமே தேவையில்லை, கருமைப் பழுப்பு வரும்.

நிறத்தை மங்கலாக்க அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்ப்பவர்கள் 2 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். இரும்பு கூடினால் கம்பளி சொரசொரத்து நொறுங்கும். பழைய குறிப்புகளில் பொட்டாசியம் டைகுரோமேட் வரும், அதைத் தொடவே வேண்டாம், புற்றுநோய் தரக்கூடியது. சாயச் சட்டி, கரண்டி எல்லாம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. தூளை அளக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

நீலப்பித்து:

நீலச் சாயம் தர்ற அவுரி பத்தி ஒரு சந்தேகம். பருத்திக்குப் போடற அதே தொட்டியில கம்பளியையும் போடலாமா அண்ணா?

சாயச்சட்டி:

வேண்டாம். பருத்தி தாங்கும் காரத்தைக் கம்பளி தாங்காது. பருத்தித் தொட்டி பிஹெச் 10, 11ல் இருக்கும். கம்பளிக்கு 9 சுமாரில் நிறுத்தி, 50 டிகிரி சூட்டில் வையுங்கள். படிகாரம் வேண்டியதில்லை. சில நிமிடம் முக்கி, தண்ணீருக்குள்ளேயே லேசாகப் பிழிந்து, குமிழி எழாமல் தூக்குங்கள். மேலே வரும்போது மஞ்சள் பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே ஓரத்தில் தொடங்கி நீலம் ஏறும், எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. ஆழமான நீலம் வேண்டுமென்றால் நீண்ட நேரம் ஊறவைக்காமல் பலமுறை முக்குங்கள். கடைசி அலசலில் வினிகர்.

மேய்ச்சல்மேடு:

கழுவி முடிச்சாச்சு, ஒரு வெள்ளை ஆட்டோடது நல்லா காஞ்சு பொங்கி நிக்குது! சாயம் நூலாகின பிறகுன்னு முடிவு பண்ணிட்டேன், நான் கிளறாம இருக்க மாட்டேன். இப்ப தக்ளியில நூத்துப் பழகறேன். நூல் விட்டா உடனே தன்னைத் தானே சுத்திக்கிட்டு முறுக்கிக்குது. அதை நேரா ஊசியில போட்டுப் பின்னினா மாதிரித் துண்டு ஒரு பக்கமா சாயுது.

ராட்டைக்காரி:

நூல் நல்லாத்தான் இருக்கு, பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. அது ஒற்றைப்புரி, அதாவது ஒரே இழையா முறுக்கின நூல். உள்ள இருக்கிற முறுக்கு அவிழப் பார்க்குது, அதனால பின்னல் சாயுது. ரெண்டு ஒற்றைப்புரியைச் சேர்த்து, நூத்த திசைக்கு எதிர்த்திசையில முறுக்குங்க. நூற்கும்போது தக்ளி வலப்பக்கம் சுத்தினா, புரி சேர்க்கும்போது இடப்பக்கம். ரெண்டு முறுக்கும் ஒண்ணையொண்ணு சமன் பண்ணிடும்.

எவ்வளவு முறுக்கு போதும்னு பார்க்க: நூற்றுக்கிட்டு இருக்கும்போதே தக்ளிக்கு மேல இருக்கிற புது நூல்ல ஒரு சாண் எடுத்து, நடுவுல மடிச்சுத் தொங்கவிடுங்க. அது தானே சுத்திக்கிட்டு நிக்கிற தோற்றம்தான் கடைசி இரட்டைப்புரி நூலோட தோற்றம். தொளதொளன்னு இருந்தா முறுக்கு ஏத்துங்க, விறைப்பா இருந்தா குறைங்க. அந்தத் துண்டை ஒரு அட்டையில ஒட்டி கையிலயே வெச்சுக்கோங்க. ஸ்வெட்டர் அளவுக்கு நூற்கும்போது கை தன்னையறியாம மாறும், அடிக்கடி அந்த அட்டையோட ஒப்பிட்டா கட்டுக்குள்ள நிக்கும்.

கார்டிங் பண்ணினதைச் சுருட்டின திரியா எடுத்து நூற்கிறதால நூல்ல காத்து நிறைய இருக்கும், லேசா, கதகதப்பா வரும். ஸ்வெட்டருக்கு அதுதான் நல்லது. சீப்புல வாரி இழையை நேராக்கி நூற்றா வழவழப்பும் உறுதியும் வரும், காலுறைக்கு அப்படி. உங்க பழுப்புக் கம்பளியை அதுக்கு வைங்க, முதல்ல வெளுத்த நுனியை மட்டும் கத்தரிச்சிடுங்க, அது வலுவிழந்திருக்கும். சாயம் வேண்டாம், அந்த நிறத்தை மறைக்கிறது பாவம்.

புரி சேர்த்ததும் சிட்டமாக்கி, வெந்நீர்ல ஊறவெச்சு, துவாலையில பிழிஞ்சு, ரெண்டு தடவை சுவத்துல அடிச்சு, எடை எதுவும் தொங்கவிடாம காயப்போடுங்க. எடை கட்டினா அப்ப நேரா தெரியும், ஸ்வெட்டரை முதல் தடவை நனைச்சதும் சுருங்கிடும்.

ஊசிநுனி:

பின்னலுக்கு வந்தாச்சுன்னா என் முறை. மாதிரித் துண்டை 15 சென்டிமீட்டர் சதுரமாவது பின்னுங்க. கழுவிக் காயவெச்ச பிறகுதான் அளக்கணும். கார்டிங் நூல் முதல் நனைப்புல பூத்து விரியும், கண்ணிகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி மூடும். ஊசியில பார்க்கும்போது கொஞ்சம் தளர்வா தெரியறதுதான் சரியான அளவு. கழுவின துண்டுல 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணி வந்தா, 100 சென்டிமீட்டர் மார்புச் சுற்றுக்கு 180 கண்ணி. கடையில வாங்கின நூலுக்கு எழுதின குறிப்பை அப்படியே நம்பாதீங்க.

கைநூல் சிட்டத்துக்குச் சிட்டம் மாறும், சாயமும் மாறும். ரெண்டு சிட்டத்தை ஒரே நேரத்துல வெச்சுக்கிட்டு ரெண்டு வரிசைக்கு ஒரு தடவை மாத்தி மாத்திப் பின்னுங்க. உடம்புக்கு நடுவுல கோடு விழாது. கை, கழுத்துப்பட்டை ரிப்புக்கு ஒரே மாதிரி இருக்கிற சிட்டங்களை முன்னாடியே ஒதுக்கி வைங்க.

மேய்ச்சல்மேடு:

புரி சேர்த்துப் பின்னிப் பார்த்தேன், துண்டு நேரா நிக்குது!! ரெண்டாவது வெள்ளை ஆட்டோடதை அடுத்த பருவம் வரைக்கும் வெச்சிருக்கணும். பூச்சி வராம எப்படி? அறுந்துபோற சாம்பல் கம்பளி, ஓரம் ஒதுக்கினது எல்லாம் ஒரு மூட்டை இருக்கு, அதை என்ன பண்றது?

கிடைக்காவல்:

கழுவாம வைக்காதீங்க தம்பி. அந்துப்பூச்சியோட புழுவுக்கு வேர்வையும் அழுக்கும் கலந்த கம்பளின்னா விருந்து. அதோட மெழுகும் நாளாக நாளாகக் கெட்டியாகிக் கழுவ வராது. கழுவி, நல்லா காயவெச்சு, நெருக்கமா நெய்த துணிப்பையில கட்டி, வெளிச்சமும் காத்தும் வர்ற இடத்துல வைங்க, அப்பப்ப எடுத்து உதறுங்க. பூச்சி சந்தேகம் இருந்தா பிளாஸ்டிக் பையில காத்துப் புகாம கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில 2 வாரம் வைங்க. வெளியில எடுத்து முழுசா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பையைத் திறங்க, இல்லேன்னா ஈரம் பிடிக்கும்.

அந்த மூட்டையைக் கழுவவே வேண்டாம். இளமரங்களைச் சுத்தித் தண்டைத் தொடாம நாலு விரல் தள்ளி, கையளவு கனத்துக்குப் பரப்பி மேல கொஞ்சம் மண்ணைப் போடுங்க. தண்ணியைப் பிடிச்சு வைக்கும், களையை அடக்கும், மக்க மக்க நைட்ரஜனை மெல்ல விடும். மண்ணைப் போட மறந்துடாதீங்க, இல்லேன்னா பறவைங்க கூடு கட்ட அள்ளிட்டுப் போயிடும்.